உவர்க்கொட்டி: திருகோணமலைக் கரையில் இப்படியோர் உயிரி பிழைக்குமா?

கேள்வி: நிலாவெளியான்

அனைவருக்கும் வணக்கம். நிலாவெளிக்கு வடக்கே, நானே மனத்தில் வரைந்துகொண்ட ஒரு சிறு களப்பின் கரையில் நடக்கும் நெடுங்கதை ஒன்றை எழுதி வருகிறேன். அதில் மனிதருக்குச் சமமான இடம் ஓர் உயிரிக்கும் உண்டு. அதற்கு உவர்க்கொட்டி என்று பெயரிட்டிருக்கிறேன். கதை கற்பனைதான், ஆனாலும் உயிரியல் படித்த ஒருவர் மூன்றாம் பக்கத்திலேயே எரிச்சலுடன் மூடி வைத்துவிடக் கூடாது என்பதற்காக இங்கே கேட்கிறேன்.

உவர்க்கொட்டி, சிரட்டையொன்றை மல்லாத்தி ஈரமணலில் அழுத்தி வைத்ததுபோல இருக்கும். விளிம்பைச் சுற்றி எட்டுத் தடித்த மடல்கள் உண்டு. தொட்டால் கடற்சாமந்தியின் சதைபோல வழுக்கும், நிறம் பாசிப்பச்சை. அடியிலிருந்து ஒரு முழ நீளமான கால் மணலுக்குள் இறங்கியிருக்கும். பார்ப்பவர்கள் செடி என்றே சொல்வார்கள், ஆனால் அது செடியன்று. விலங்கின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருந்து, வெயிலில் தாம் சமைக்கும் உணவில் ஒரு பங்கை அந்த உடலுக்குக் கொடுக்கின்றன.

அது பிழைப்பதற்கு நான் எழுதி வைத்திருக்கும் வழிகள் நான்கு. கடல் பெருகும்போது மடல்களை விரித்து, வற்றும்போது மூடிக்கொள்கிறது. இப்படி நாளுக்கு இருமுறை. உடலில் சேரும் உப்பை மடல் நுனிகளால் வெளியேற்றுவதால் மாலையில் விளிம்பு வெள்ளையாக இருக்கும். இடம் சரிவராவிட்டால் காலைப் பிடுங்கிக்கொண்டு நகர்ந்து போகிறது. குஞ்சுகளைத் தன் விளிம்பிலேயே வளர்த்துப் பின்னர் உதிர்க்கிறது. இவற்றில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை வெட்டவேண்டும்? நம் ஊர்க் கரையில் இருந்திருந்தால் ஆட்கள் இதை என்ன பெயரால் அழைத்திருப்பார்கள், தின்றிருப்பார்களா என்பதையும் கரையோரத்தில் வாழ்பவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: களப்பங்கரை

தம்பி, உங்கள் உயிரியின் உடலில் எனக்குக் குறை தெரியவில்லை. அதன் மணிக்கூட்டில்தான் குறை.

நீங்கள் எழுதியிருக்கும் வற்றுப்பெருக்கு வேறு யாருடையவோ கடலுக்குரியது. இந்தியாவின் காம்பே வளைகுடாவிலே கடல் பத்து மீற்றருக்கு மேல் ஏறி இறங்குகிறது. அங்கே இருக்கும் ஓர் உயிரி நாளுக்கு இருமுறை திறந்து மூடாவிட்டால் செத்துப்போகும். திருகோணமலையிலும் நாளுக்கு இருமுறை ஏற்றமும் இறக்கமும் உண்டுதான். ஆனால் அந்த வித்தியாசம் பறுவம், அமாவாசை நாட்களில்கூட ஒரு மீற்றரை எட்டுவதில்லை. அதிலும் நீங்கள் உயிரியை வைத்திருப்பது களப்புக்குள்ளே. கிழக்குக் கரையின் சிறு களப்புகள் பலவற்றில் கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிடும். அடைத்த பிறகு உள்ளே வற்றும் இல்லை, பெருக்கும் இல்லை. மாதக்கணக்கில் இல்லாத ஒரு மணியோசைக்கு உங்கள் உவர்க்கொட்டி காது கொடுத்துக்கொண்டு இருக்கிறது.

இங்கே உண்மையான மணிக்கூடு ஆண்டுதான். ஏறத்தாழ மே மாதத்திலிருந்து செப்ரெம்பர் வரை கச்சான் வீசும். (வெளிநாட்டுப் பிள்ளைகள் வாசித்தால், நான் சொல்வது தின்னும் கச்சானை அன்று, மேற்கிலிருந்து தீயாக வரும் காற்றை.) மழை குறைவு, முகத்துவாரம் அடைபட்டிருக்கும், நீர் நாளுக்கு நாள் ஆவியாகும். கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. அடைபட்ட களப்பில் அதுவும் தாண்டிப்போகும். பிறகு ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரைக்கும் ஆண்டு மழையில் பெரும்பகுதி கொட்டித் தீர்க்கிறது. வெள்ளம் வந்து மணல்மேட்டை உடைக்கும். அதே களப்பில் சில நாட்களுக்குக் கிட்டத்தட்ட நல்ல தண்ணீர் நிற்கும். ஆகவே உங்கள் உயிரி எதிர்கொள்ள வேண்டியது, நான்கு மாதங்களாக மெல்ல மெல்ல உலர்த்தும் ஒரு பகையையும், ஓர் இரவில் வந்து ஊதிப் பெருக்கவைக்கும் இன்னொரு பகையையும்.

இரண்டாவதுதான் கொடியது. கடல்நீருக்கும் நல்ல தண்ணீருக்கும் இடையில் ஒரு மென்சவ்வை வைத்தால், நல்ல தண்ணீர் உப்புப் பக்கத்துக்குப் பாய முயலும் பிரசாரண அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 25 மடங்கு. செடியின் கலங்களுக்குச் சுவர் உண்டு, தாங்கும். உங்கள் உயிரி விலங்குச் சதை; சுவரில்லாத கலம் வெடித்துவிடும். இதற்கு ஒரு வழி நீங்கள் எழுதவில்லை.

உப்பை வெளியேற்றுவது பற்றி ஒன்று. கண்டல் மரம் வேரிலேயே பெரும்பகுதி உப்பைத் தடுத்துவிடுகிறது. வெண்கண்டல் உள்ளே விட்டு இலையால் கக்குகிறது. வெயில் நேரத்தில் அதன் இலையை நாக்கில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உமரி கக்குவதுமில்லை; சேர்த்து வைத்துக்கொண்டு, நீரும் சேர்த்துத் தடித்துப் போகிறது. மூன்றும் மூன்று கொள்கைகள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கு உரிய விலையையும் உங்கள் உயிரியைக் கொடுக்கவையுங்கள்.

பதில் 2: உப்பளத்தான்

களப்பங்கரை ரீச்சர் சொன்னவற்றுக்கு மேல் உயிரியல் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் விளிம்பில் வெள்ளையாகப் பூக்கும் உப்பு என்று வாசித்தவுடன் சும்மா இருக்க முடியவில்லை. சிறு வயதில் விடுமுறை நாட்களெல்லாம் உப்புப் பாத்திகளில் கழிந்தவன் நான்.

உப்பு நீங்கள் நினைப்பதுபோல ஒரே பொருளாகப் பூப்பதில்லை. உவரின் செறிவைப் பாகையில் காட்டும் போமே மானியில் கடல்நீர் மூன்று, மூன்றரைப் பாகை காட்டும். பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் வைக்க, முதலில் சுண்ணமும் பிறகு ஜிப்சமும் அடியில் படியும். நீர் பத்திலொரு பங்காகச் சுருங்கி ஏறத்தாழ 25 பாகையைத் தொடும்போதுதான் சமையல் உப்பு படியத் தொடங்கும். அதை வாரிய பின்பும் பாத்தியில் ஒரு நீர் மிஞ்சும். மக்னீசியம் மிகுந்த அந்த நீர் எண்ணெய்போல விரலில் ஒட்டும். வாயில் வைத்தால் அரைநாள் கசக்கும். அதைக் கழித்து விடாவிட்டால் உப்பும் கசந்துபோகும். ஆகவே உங்கள் உயிரியின் விளிம்பில் கீழிருந்து மேலாக வட்டங்கள் இருக்க வேண்டும்: கீழே கரடான சுண்ண வட்டம், நடுவில் வெள்ளைப் படிகம், மடல் நுனியில் காயாத கசப்புப் பசை. சொல்லப்போனால் அந்த உப்பை உடலுக்குள் எடுத்துக் கக்கவே வேண்டியதில்லை. வெளித்தோலில் நுண்ணிய பள்ளங்களை வைத்தால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஈரமணலின் நீர் தானாக ஏறும். நுனியில் காற்றுப் பட்டு ஆவியாகும். கச்சான் எவ்வளவுக்கு அடிக்கிறதோ அவ்வளவுக்கு உடலும் குளிரும். மண்பானை வேலை செய்வதும் இதே கணக்கில்தான்.

இனி இரவுக்கு வருகிறேன். குவித்து வைத்த உப்பு காலையில் தொட்டால் நசநசவென்று இருப்பதைப் பாத்திக்காரர் எல்லோரும் அறிவர். காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 75ஐத் தாண்டினால் சமையல் உப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். கசப்பு உப்பான மக்னீசியம் குளோரைட்டுக்கு அதில் பாதிகூட வேண்டாம். கடற்கரையில் இரவு ஈரப்பதனுக்குப் பஞ்சமில்லை. ஆகவே பகலில் விளிம்பில் காய்ந்தது, விடியற்காலையில் துளித்துளியாகச் சிரட்டைக்குள் வழிந்து இறங்கும். மழை குறைந்த நான்கு மாதமும் அதற்கு இது ஒரு கிணறு ஆகுமா என்பதை ரீச்சர்தான் சொல்லவேண்டும்.

இன்னொன்று, நிறம். கச்சான் காலத்தில் முற்றிய பாத்தி பச்சையாக இருக்காது. செம்பருத்திப் பூவைக் கசக்கிக் கரைத்ததுபோல இருக்கும். பாசிப்பச்சை என்று ஆண்டு முழுவதற்கும் எழுதிவிடாதீர்கள்.

பதில் 3: களப்பங்கரை

உப்பளத்தான் தம்பி தானறியாமலே உயிரியின் நடுமுடிச்சை அவிழ்த்துவிட்டார். முதிர்ந்த பாத்தி சிவப்பதற்கு உப்பை விரும்பும் நுண்ணுயிர்களும், துனலியெல்லா என்னும் ஒருகலப் பாசியும் காரணம். துனலியெல்லாவுக்குக் கடினமான கலச்சுவர் கிடையாது. கடுவெயிலும் கடுவுப்பும் ஒன்றாகத் தாக்கும்போது கரற்றுக்கு நிறம் தரும் அதே பீற்றா கரோட்டீனைத் தன்னுள் நிரப்பிக்கொண்டு செம்மஞ்சளாகிவிடும். வெளியே உப்பு ஏற ஏற, உள்ளே கிளிசரோலைச் செய்து குவித்துச் சமநிலை பிடிக்கும். வெளியே உப்பு திடீரெனக் குறைந்தால், சில மணி நேரத்தில் அந்தக் கிளிசரோலை மாவுப்பொருளாக மாற்றி அடக்கிக்கொள்ளும். கிளிசரோல் கரைந்து நீரை இழுக்கும். மாப்பொருள் கரையாமல் மணியாகக் கிடக்கும், நீரை இழுக்காது. உங்கள் உயிரி வெள்ளத்தில் வெடிக்காமல் இருக்க நான் தேடிய வழி இதுதான். குடியிருக்கும் பாசியை இந்த இனத்தின் உறவாக வையுங்கள். குடியிருப்பவரின் வழக்கத்தை வீட்டுக்காரரும் பழகிக்கொண்டார் என்று எழுதுங்கள். பவளத்துக்குள் வாழும் பாசிகளும் தாம் சமைப்பதில் ஒரு பங்கைக் கிளிசரோலாக வீட்டுக்காரருக்குக் கொடுப்பவைதான் என்பதால் இது வலிந்து ஒட்டியதாகத் தெரியாது.

இப்போது அந்த இரவுக் கிணற்றின் விடையும் வந்துவிடுகிறது. நீர் எப்போதும் கரைபொருள் மிகுந்த பக்கத்துக்கே போகும். விடியலில் வழியும் துளி கடல்நீரைவிடக் கடுமையான உவர். சாதாரண உடல் அதைக் குடித்தால் இருந்த நீரையும் இழக்கும். கிளிசரோல் நிரம்பிய உடல் அந்தத் துளியைவிடச் செறிவாக இருந்தால் மட்டும், நீர் உள்ளே போகும். பாலைநிலங்களில் வளரும் சிறுசவுக்கு வகையொன்று, தான் கக்கிய உப்பு இரவில் இழுக்கும் ஈரத்தை இலையால் எடுத்துக்கொள்கிறது. ஆகவே இயற்கையில் இல்லாத தந்திரமன்று.

பாதிச் செடி, பாதி விலங்கு என்பதைப் பற்றி நீங்கள் தயங்கவே வேண்டாம். பிரான்சின் பிரிட்டனிக் கரையில் சில மில்லிமீற்றர் நீளமான பச்சைப் புழு ஒன்று உண்டு. வளர்ந்த புழு இரை தின்பதில்லை. உடலுக்குள் குடியிருக்கும் பாசியே ஊட்டுகிறது. கடல் வற்றியதும் கூட்டமாக மணலின் மேல் வந்து வெயில் காய்ந்து, அலை திரும்பும்போது மணலுக்குள் இறங்கிவிடும். ஆனால் ஒவ்வொரு குஞ்சும் அந்தப் பாசியைச் சுற்றுப்புறத்திலிருந்து புதிதாகப் பிடிக்க வேண்டும். கிடைக்காவிட்டால் பிழைக்காது. உங்கள் குஞ்சுகள் தாயின் விளிம்பிலேயே வளர்வதற்குக் காரணம் பாசம் அன்று, பாசி. தாயின் விளிம்பில் வழிவதை உறிஞ்சித்தான் அவை பச்சையாகின்றன. நான்கு வழிகளில் இந்த ஒன்றை மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 4: கரைவலை

படித்தவர்கள் பேசி முடியட்டும் என்று இருந்தேன். நான்கு தலைமுறையாகக் கரைவலை இழுத்த குடும்பம் எங்களுடையது. அந்த ஒரு முழக் காலைப் பற்றித்தான் நான் சொல்லவேண்டும்.

வாடைக்காலத்தில் கடல் கரையை வெட்டும். மாலையில் வள்ளம் ஏற்றி வைத்த இடத்தில் காலையில் ஆள் உயரப் பள்ளம் இருக்கும். கச்சான் காலத்தில் அதே மணலை மெல்லத் திருப்பிக் கொடுக்கும். ஒரு முழக் காலை வைத்துக்கொண்டு முகத்துவாரத்துப் பக்கம் நின்றால், முதல் வெள்ளத்திலேயே வேரோடு போக வேண்டியதுதான். அடும்பங்கொடியைப் பாருங்கள்: ஒரு வேரை நம்பி அது இருப்பதில்லை, ஓடும் இடமெல்லாம் கணுவுக்குக் கணு வேர் போடுகிறது. மணல் மூடினால் மேலே எழும்பும், அரித்தால் தொங்கிக்கொண்டு பிழைக்கும். உவர்க்கொட்டியைத் தனியாக நிறுத்தாமல், மணலுக்குள் கொடிபோல ஒன்றோடொன்று தொடுத்து விடுங்கள்.

நடப்பது எனக்குப் பிடிக்கவில்லை. வெயிலில் சமைத்து உண்பவனுக்குக் கிடைப்பது அளவான சோறு. அதை நடந்தே செலவழித்தால் மழைக்கு என்ன மிஞ்சும்? கோணேசர் மலையில் இராவணன் வெட்டைக் காட்டும் ஊர் இது. அவன் மீசையைக் கரையில் பாராதவர்கள் யார்? இராவணன் மீசைப் புல்லின் முள்ளுருண்டை முற்றியதும் காம்பு முறிந்து, காற்று உருட்டும் திசைக்கெல்லாம் மணலில் ஓடும். சிறுவயதில் அதை ஓட்டப் பந்தயம் விட்டிருக்கிறோம். உங்கள் உயிரியும் காலை விட்டுவிட்டு மடல்களை மூடி உருண்டையாகட்டும். மீதியைக் கச்சான் பார்த்துக்கொள்ளும். ஆனால் கச்சான் தரையிலிருந்து கடலுக்கு அடிப்பது. உருண்டால் கடலுக்குள்தான் போகும். அதற்கும் ஒரு வழி யோசியுங்கள்.

பெயரைக் கேட்டிருந்தீர்கள். உவர்க்கொட்டி என்பது புத்தகத்துக்கு நல்ல பெயர். கரையில் அதைச் சிரட்டைப்பாசி என்றுதான் சொல்லியிருப்பார்கள். வலையில் சிக்கிய நாளில் வேறு பெயரும் சொல்லியிருப்பார்கள், அதை இங்கே எழுத முடியாது.

தின்பது பற்றி: மனிதர்களை விடுங்கள், மாடுகளை யோசித்தீர்களா? கோடையில் புல் கருகிய பிறகு, உப்புப் பூத்த சிரட்டைகள் வரிசையாக இருந்தால் ஒன்றும் மிஞ்சாது. கோட்டைப் பக்கத்து மான்களும் விடா. உப்பென்றால் நக்காத கால்நடை உண்டா? தில்லை மரத்துக்குப் பால் இருக்கிறது. கண்ணில் பட்டால் தெரியும் என்பதால் எவரும் கிட்டப் போவதில்லை. உவர்க்கொட்டிக்கு என்ன இருக்கிறது?

பதில் 5: உப்பளத்தான்

அண்ணைக்கு விடை மேலேயே இருக்கிறது. மடல் நுனியில் காயாமல் இருக்கும் கசப்புப் பசைதான் அதன் வேலி. மாடு முதலில் நாக்கு வைப்பது நுனியில்தான். மக்னீசியம் உப்பு கசப்பது மட்டுமன்றி, கொஞ்சம் கூடினால் பேதியும் ஆகும். ஒருமுறை நக்கிய மாடு அடுத்த கோடையிலும் அந்தப் பக்கம் திரும்பாது. மழை வந்து நுனி கழுவப்பட்ட பிறகு வேலி போய்விடும். அப்போது உள்ளே ரீச்சர் சொன்ன மாப்பொருள் நிறைந்திருக்கும். மாரிகாலத்தில் தொழிலில்லாத வீடுகளில் அதை மரவள்ளிக்கிழங்குபோல அவித்துத் தின்றிருப்பார்கள் என்று எழுதினால் நான் நம்புவேன்.

நிலாவெளியான்

ரீச்சருக்கும் இரண்டு அண்ணன்மாருக்கும் நன்றி. வற்றுப்பெருக்கை வெட்டிவிட்டேன். கச்சானில் செம்மஞ்சள், மாரியில் பச்சை. திரிபோல ஏறும் நீர், நுனியில் கசப்பு, மணலுக்குள் கொடி. நடையையும் விட்டுவிடுகிறேன், மனமில்லாமல்தான்.

குஞ்சுகளை உதிர்க்கும் நேரம்தான் மிச்சம். முகத்துவாரம் உடைந்து வெள்ளம் வெளியேறும்போது உதிர்ந்தால் அடுத்த களப்புக்குப் போய்ச் சேரலாம். நீரின் உவர் குறைந்ததும் உதிர்க்கிறது என்று எழுதினேன். ஆனால் செப்ரெம்பரில் ஒருநாள் இடியோடு ஒரு பாட்டம் மழை பெய்தால் ஏமாந்து உதிர்த்துவிடுமே?

களப்பங்கரை

இரண்டு பூட்டுப் போடுங்கள் தம்பி. பாலைநில விதைகள் சிலவற்றின் தோலில் முளைப்பதைத் தடுக்கும் பொருள் இருக்கும். ஒரு தூறலுக்கு அது கழுவப்படாது, போதிய மழை பெய்தால்தான் போகும். அதுபோல உவர் பல நாட்கள் குறைந்தே இருக்கவேண்டும் என்பது முதற் பூட்டு. களப்பின் மட்டம் ஏறி, பின்பு ஒரேயடியாக இறங்குவது இரண்டாவது. இரண்டும் திறந்தால் முகத்துவாரம் உடைந்துவிட்டது என்று பொருள்.

கரைவலை

ரீச்சர், வயல் மூழ்கப் போகிறது என்றால் முகத்துவாரம் தானாக உடையும் வரை எங்கள் ஆட்கள் காத்திருக்க மாட்டார்கள். மண்வெட்டியோடு போய் முகத்துவாரத்தை வெட்டிவிடுவார்கள். உவர் இறங்கி நாலு நாள் ஆகுமுன்பே வெட்டினால், மட்டம் இறங்கும், முதற் பூட்டுத் திறக்காது. தண்ணீர் முழுதும் கடலுக்குப் போய்விடும். சேற்றில் சிரட்டைகள் எல்லாம் வாய் திறந்தபடி, குஞ்சுகளை விளிம்பில் பிடித்துக்கொண்டே இருக்கும்.